அடுத்த லாக்டவுன் வந்தால்: நம்ம சங்கம் இப்பவே என்னென்ன தயார் செய்து வைக்கலாம்? (மெல்போர்ன்)

தென்கிழக்குச் செயலாளர்

வணக்கம். டாண்டினாங் பக்கம் ஒரு சின்னத் தமிழ்ச் சங்கம், சுமார் 180 குடும்பங்கள். இலங்கை, இந்தியா, மலேசியா எல்லாம் கலந்தது. மூன்றில் ஒரு பங்குபேர் மாணவர்கள் அல்லது தற்காலிக விசாவில் இருப்பவர்கள். 2020லும் 2021லும் ஆறு லாக்டவுன், மொத்தம் 262 நாள். அப்போது எல்லாமே வாட்ஸ்அப்பில் அவசரக்கோலமாக நடந்தது. இன்னொரு முறை வந்தால் அப்படி ஆகக் கூடாது என்று, ஒரு திட்டத்தை எழுத்தில் வைக்கச் சொல்கிறது குழு.

தெரிய வேண்டியது: அறிவிப்புகளைத் தமிழில் வேகமாகவும் தப்பில்லாமலும் கொண்டுபோவது எப்படி? உணவுப் பொதிக்கு என்ன அளவு? பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) இல்லாதவர்களுக்கு என்ன ஆதாரம் தயாராக இருக்க வேண்டும்? இதில் நம் ஆட்களுக்குச் சம்பள வேலை ஏதும் கிடைக்குமா, இல்லை கடைசிவரை இலவச உழைப்புதானா? "ஒற்றுமையாக இருங்கள்" மாதிரி பதில் வேண்டாம், தயவுசெய்து.

---

சொல்வலை

மொழியில் தொடங்குகிறேன். ஆகஸ்ட் 2020இல் முகக்கவசம் பற்றிய அரசுத் துண்டறிக்கை ஒன்றில் அரபியும் பாரசீகமும் ஒரே தாளில் கலந்து வந்தது. இரண்டும் பார்வைக்கு ஒரே எழுத்துபோல இருக்கும். படிக்கத் தெரிந்த ஒருவர் கடைசித் தாளைப் பார்த்திருந்தால் அங்கேயே நின்றிருக்கும்.

தமிழில் வருகிற சிக்கல் வேறு மாதிரி. எழுத்து சரியாக இருக்கும், அர்த்தம் வழுக்கும். நான்கு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"வேண்டும்": ஆங்கில உத்தரவில் கட்டாயத்துக்கு ஒரு சொல், பரிந்துரைக்கு ஒரு சொல். நாம் இரண்டுக்கும் "அணிய வேண்டும்" என்று எழுதிவிடுவோம். அபராதம் உண்டு என்றால் "கட்டாயம்" என்று போடுங்கள், இல்லையென்றால் "நல்லது".

"தனிமைப்படுத்தல்": தொற்று உறுதியானவர் ஒதுங்குவதும், தொற்றாளரோடு இருந்தவர் காத்திருப்பதும் தமிழில் ஒரே சொல்லாகிவிட்டது. விதிகளோ வேறு வேறு. சொல்லைத் தேடாதீர்கள், ஆளைச் சொல்லுங்கள்: "பாசிட்டிவ் வந்தவர்", "பாசிட்டிவ் வந்தவரோடு இருந்தவர்".

"குடும்பம்": உத்தரவில் இருப்பது ஒரே வீட்டில் வசிப்பவர்கள். மூன்று மாணவர்கள் சேர்ந்திருக்கும் வீடு குடும்பம் இல்லை, ஆனால் விதி அவர்களுக்கும்தான். எதிர்ப்பக்கமும் உண்டு. அடுத்த தெருவில் இருக்கும் அக்கா குடும்பம்தான், ஆனால் அவர் வீட்டுக்குப் போக அனுமதி இல்லை.

"நெருங்கிய தொடர்பு": இதைப் படித்து முகம் சுளித்தவர்கள் நிறைய. "கிட்ட இருந்து பழகியவர்" போதும்.

வேலை நடக்கும் விதம்: இரண்டு பேர். முதல் ஆள் ஐந்தே வரி எழுதுவார்: எப்போதிலிருந்து, யாருக்கு, எதற்கு வெளியே போகலாம், எதற்குக் கூடாது, எங்கே கேட்கலாம். இரண்டாவது ஆள் ஆங்கிலத்தைப் பார்க்கவே கூடாது. தமிழை மட்டும் படித்து, "அப்படின்னா நான் இதைச் செய்யலாம், இதைச் செய்யக்கூடாது" என்று வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். பிசகினால் ஆளைத் திருத்தாதீர்கள், வரியைத் திருத்துங்கள். பழகிவிட்டால் இரண்டும் சேர்த்து 40 நிமிடம். முழு உத்தரவையும் மொழிபெயர்க்க உட்கார்ந்தால் இரவாகிவிடும், அதற்குள் விதியே மாறியிருக்கும்.

முதல் வரியில் தேதியும் நேரமும், கடைசி வரியில் அரசுப் பக்கத்தின் இணைப்பு. தேதியில்லாத செய்தி மூன்று வாரம் கழித்து மறுபடி சுற்றி வந்து குழப்பும். கூடவே 60 முதல் 90 விநாடிக்குள் ஒரு குரல்பதிவு. பெரியவர்கள் அதைத்தான் கேட்பார்கள்.

அச்சடிப்பதாக இருந்தால் பாமினி எழுத்துருவில் தட்டியதை வடிவமைப்பாளருக்குக் கொடுக்காதீர்கள், யூனிகோடில் கொடுங்கள். யூனிகோடாகவே இருந்தாலும் இன்டிசைன் என்கிற பக்க வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான கம்போசருக்கு (எழுத்துக் கோக்கும் அமைப்பு) மாற்றாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும், புள்ளிவட்டம் முளைக்கும். அச்சுக்குப் போகும் பிடிஎஃப்பையே வரிவரியாகப் படிக்க வேண்டும். வேர்டு கோப்பைப் பார்த்து ஓகே சொல்வதில் பயனில்லை.

ஒன்று விட்டுப்போனது: நாட்டி (மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்று தரும் அமைப்பு) நடத்தும் சிசிஎல் தேர்வில் பாஸ் ஆனவரை "சான்றிதழ் பெற்ற மொழிபெயர்ப்பாளர்" என்று போடாதீர்கள். அது பிஆர் புள்ளிக்கான தேர்வு. தொழில் சான்று வேறு. சங்கத்துச் செய்தியை எழுத அவர் தாராளமாகப் போதும். சோதனை முடிவு, மருத்துவ ஒப்புதல், சட்டக் கடிதம் என்று வந்தால் சான்றுள்ளவர்தான்.

---

பொதிமூட்டை

சாப்பாட்டுப் பொதியைப் பற்றி நான் எழுதுறன்.

நாலு பேருக்கு ஒரு கிழமைக்கு: அரிசி 5 கிலோ, பருப்பு ஒன்றரைக் கிலோ, கோதுமை மா 2 கிலோ, எண்ணெய் 1 லீற்றர், வெங்காயம் 2 கிலோ, உருளைக்கிழங்கு 2 கிலோ, சீனி 1 கிலோ, பால்மா 1 கிலோ, தேயிலை 200 கிராம், பெரிய ரின் மீன் நாலு. எல்லாம் சேர 17 கிலோவைத் தொடும். ஒரே பெட்டியில போட்டால் தூக்குற ஆளுக்கு நாரி போகும். இரண்டு பையாகக் கட்டுங்கோ. உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் பிளாஸ்ரிக்கில இறுக்கிக் கட்டினால் வேர்த்து அழுகும், கடதாசிப் பைதான் சரி.

சைவப் பொதிக்கு வேற நிற ஒட்டு நாடா. ரின் மீனை எடுத்துவிட்டால் சைவமாயிடும் எண்டு நினைக்காதேங்கோ. கட்டுச் சம்பலில மாசிக் கருவாடு இருக்கும். முஸ்லிம் குடும்பங்களுக்கு ஹலால் முத்திரையைப் பார்க்கிறதோட, இனிப்புகளில ஜெலற்றினையும் பாருங்கோ. குழந்தைப் பால்மாவை ஊகிச்சு வாங்க வேண்டாம். எந்த பிராண்ட், எத்தினை மாதப் படி எண்டு கேட்டுத்தான் வாங்கோணும். நப்பிக்குப் பிள்ளையின்ர நிறையைக் கேளுங்கோ, வயதை வைச்சு வாங்கினால் பிழைக்கும்.

சமைச்ச சாப்பாடு குடுக்கிற யோசனை இருந்தால் இப்பவே கவுன்சிலோட கதையுங்கோ. பைக்கற்றில அடைச்ச உலர் பொருளுக்கு இருக்கிற விதி சமைச்ச சோத்துக்குப் பொருந்தாது. 5 பாகைக்குக் கீழ, இல்லாட்டி 60 பாகைக்கு மேல வைச்சிருக்கோணும். இரண்டுக்கும் நடுவில மொத்தம் 4 மணித்தியாலம் தாண்டினால் எறியிறதுதான்.

ஏன் இவ்வளவு நுணுக்கம் எண்டால்: 2020 ஜூலை 4, சனிக்கிழமை பின்னேரம், நோர்த் மெல்பேர்ணிலயும் ஃபிளெமிங்டனிலயும் ஒன்பது அரச அடுக்குமாடிகளை முன்னறிவித்தல் இல்லாமல் அடைச்சினம். உள்ள கிட்டத்தட்ட 3,000 சனம், நிறைய மொழி. மொழிபெயர்ப்பாளர்மாரும் பொருத்தமான சாப்பாடும் பிந்தித்தான் வந்தது. பக்கத்தில இருந்த அம்சா எண்ட முஸ்லிம் சமூக அமைப்புதான் அந்தச் சனத்துக்கு எது சரியெண்டு தெரிஞ்சு சாப்பாட்டை ஒழுங்குபடுத்தினது. அதே வருசம் டிசம்பரில வந்த ஒம்புட்ஸ்மன் (அரச நிர்வாகத்துக்கு எதிரான முறைப்பாடுகளை விசாரிக்கிறவர்) அறிக்கை, உடனடியாக அடைச்ச விதம் மனித உரிமைச் சட்டத்துக்கு ஒத்துவரேல்லை எண்டு சொல்லிச்சுது. அரசாங்கம் வந்து சேருறதுக்கு முதல் வாற 24 மணித்தியாலத்துக்குத்தான் உங்கட திட்டம் தேவை.

---

படிவம் நிரப்புபவர்

விசா விஷயம். 2020இல் ஜாப்கீப்பர் என்கிற சம்பள உதவித்தொகை இரண்டு வாரத்துக்கு 1,500 டாலரில் தொடங்கியது. நியூசிலாந்துக்காரர்களின் 444 விசாவைத் தவிர, தற்காலிக விசாக்காரர்களுக்குக் கிடையாது. 2021 ஜூனில் வந்த கோவிட் பேரிடர் உதவித்தொகை வேறு மாதிரி: வேலை உரிமை உள்ள தற்காலிக விசாவுக்கும் உண்டு. முதலில் வாரம் 325 அல்லது 500 டாலர், இழந்த வேலை 20 மணி நேரத்துக்குக் குறைவா கூடவா என்பதைப் பொறுத்து. பிறகு 450, 750 வரை ஏறியது. ஆக, "பிஆர் உண்டா" என்று மட்டும் கேட்கிற பட்டியலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. மூன்று கேள்வி: விசா வகை என்ன, வேலை உரிமை உண்டா, மெடிகேர் (அரசு மருத்துவக் காப்பீடு) உண்டா. வேலை உரிமை இல்லாத பிரிட்ஜிங் விசாக்காரர்கள் (விசா முடிவுக்காகக் காத்திருப்பவர்கள்) இரண்டு திட்டத்திலும் வெளியேதான் நின்றார்கள். அவர்களுக்கு மாநில அரசின் பணத்தில் செஞ்சிலுவை கொடுத்த ஒருமுறை உதவி, ஃபுட்ஸ்க்ரேயில் உள்ள புகலிடக் கோரிக்கையாளர் வள மையத்தின் உணவு வங்கி போன்ற இடங்கள்தான் அப்போது வழி.

ஒவ்வொருவரும் ஒரு உறையில் வைத்திருக்க வேண்டியவை: பாஸ்போர்ட் நகல், விசா வழங்கிய கடிதம், விவோ (விசா நிலையைக் காட்டும் அரசு இணையப் பக்கம்) அச்சுப்பிரதி, கடைசி எட்டு வாரச் சம்பளச்சீட்டு, வங்கி அறிக்கை. கையில் காசு வாங்கி வேலை பார்ப்பவர் இங்கேதான் மாட்டிக்கொள்வார். இழந்த வேலை நேரத்தைக் காட்ட அவரிடம் தாளே இருக்காது. ரோஸ்டரின் ஸ்கிரீன்ஷாட், முதலாளி அனுப்பிய "நாளைக்கு வேண்டாம்" குறுஞ்செய்தி இவற்றையாவது அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். ஏற்கும் என்று உறுதி கிடையாது, வெறுங்கையோடு போவதைவிட மேல்.

தடுப்பூசி மெடிகேர் இல்லாதவர்களுக்கும் இலவசமாகத்தான் இருந்தது. இடறியது சான்றிதழில். மெடிகேர் இல்லாதவர் ஐஎச்ஐ என்கிற சுகாதார அடையாள எண் எடுத்து மைகவ் என்கிற அரசு இணையக் கணக்கோடு இணைக்க வேண்டும். பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட், அப்பா பெயர் முன்னும் பின்னும் மாறிக் கிடப்பது, இனிஷியல்: நம் ஆட்கள் பாதிப்பேருக்கு இதில் ஒன்றாவது இருக்கும். ஊசி போடும் மேசையிலேயே பாஸ்போர்ட்டைக் காட்டி எழுதச் சொல்ல வேண்டும். பிறகு திருத்துவதற்கு நாள்கணக்கில் போனில் காத்திருக்க வேண்டி வரும்.

---

பொதிமூட்டை

மேல சொன்ன மூண்டு கேள்வியும் சரி, ஆனால் பதிலைச் சங்கத்தின்ர எக்செல்லில ஏத்தாதேங்கோ. புகலிடம் கேட்டிருக்கிற சனம் அதைப் பார்த்தால் பொதிக்குக்கூட வராதுகள். வீட்டில எத்தினை பேர், எந்தத் தெரு, எந்த நம்பர், சைவமோ அசைவமோ. உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான். விசாவைப் பார்த்துச் சொல்லோணும் எண்டால் பாருங்கோ, படம் எடுக்காதேங்கோ.

---

படிவம் நிரப்புபவர்

ஒப்புக்கொள்கிறேன். கேள்விகளை ஒரு தாளில் அச்சடித்து அவரவர் கையிலேயே கொடுத்துவிடலாம். சங்கத்திடம் ஒரு பிரதியும் இருக்க வேண்டியதில்லை.

---

தென்கிழக்குச் செயலாளர்

மிகவும் பயனுள்ளது, நன்றி. இரண்டு சந்தேகம். 180 குடும்பத்துக்கு வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் போதுமா? ஆங்கிலம் வராத பெரியவர்கள் அரசு அலுவலகத்தைத் தாங்களே கூப்பிட வழி உண்டா? அப்புறம், வேலை பற்றிய கேள்விக்கு யாரும் இன்னும் வரவில்லை.

---

சொல்வலை

பிராட்காஸ்ட் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். சேமிக்காதவருக்குப் போகாது. 2020 ஏப்ரலில் இருந்து, பலமுறை ஃபார்வர்டு ஆன செய்தியை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். அதனால் ஃபார்வர்டை நம்பாதீர்கள். 180 குடும்பத்தை 12 தெருத்தொடர்பாளர்களுக்குப் பிரியுங்கள், ஆளுக்கு 15 வீடு. ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டுக்குத் தொடர்பாளரே போன் போட்டுப் படித்துக்காட்ட வேண்டும். தொடர்பாளருக்கே காய்ச்சல் வந்தால் பார்க்க ஒரு மாற்று ஆளின் பெயரும் பட்டியலில் இருக்கட்டும்.

தொலைபேசிக்கு டிஐஎஸ் நேஷனல் என்கிற அரசு மொழிபெயர்ப்புச் சேவை, 131 450, 24 மணி நேரமும் உண்டு. எடுத்ததும் "தமிழ்" என்று மட்டும் சொல்லி இணைப்பில் காத்திருக்க வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வந்ததும் எந்த அலுவலகம், அதன் எண் என்ன என்று சொன்னால் மூவரையும் ஒரே இணைப்பில் சேர்ப்பார்கள். பெரியவர்கள் மாட்டுவது இரண்டு இடத்தில்: ஆங்கிலக் குரல் கேட்டதும் வைத்துவிடுவது, கூப்பிட வேண்டிய எண்ணைக் கையில் வைத்திருக்காதது. டிஐஎஸ் எண், அலுவலக எண், தன் பிறந்த தேதி மூன்றையும் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டிவிடுங்கள். டாக்டரிடம் மகனையோ மகளையோ மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். கிளினிக்கே இணைப்பு எடுக்கலாம், தகுதியுள்ள மருத்துவர்களுக்கு அது இலவசம்.

---

படிவம் நிரப்புபவர்

வேலை பற்றி. விக்டோரியா அரசு 2020இல் தொடங்கிய வொர்க்கிங் ஃபார் விக்டோரியா திட்டத்தில் வேலை இழந்தவர்களை கவுன்சில்களிலும் சமூக நிறுவனங்களிலும் குறுகிய காலத்துக்கு அமர்த்தினார்கள். கோஹெல்த் என்கிற சமூக சுகாதார அமைப்பு அரச அடுக்குமாடிகளில் குடியிருந்தவர்களையே எடுத்துச் சம்பளம் கொடுத்து வாசலில் நிறுத்தி, சுகாதாரத் தகவல் சொல்ல வைத்தது. அங்கே கேட்ட தகுதி அந்த மாடி மக்களின் மொழியும் பழக்கமும்தான். இந்த வகை வேலைக்கு இருமொழிப் பணியாளர் என்று பெயர். லாக்டவுன் வந்த பிறகு விண்ணப்பிக்க ஓடினால் காகிதம் தயாராக இருக்காது. பிள்ளைகளோடு பணிபுரியும் அனுமதி அட்டையைத் தன்னார்வலராக இலவசமாகவே எடுக்கலாம், சம்பள வேலைக்குப் போகும்போது கட்டணம் கட்டி மாற்றிக்கொள்ளலாம். முதலுதவிச் சான்று, உணவுப் பாதுகாப்புச் சான்று இரண்டையும் இப்போதே எடுத்து வைத்தால் மேலே சொன்ன பொதி வேலைக்கும் ஆகும்.

சங்கத்தின் பக்கம்: பதிவு செய்த சங்கமா, ஏபிஎன் (ஆஸ்திரேலிய வணிக எண்) உண்டா, பொதுப் பொறுப்புக் காப்பீடு நடப்பில் இருக்கிறதா? இதில் ஒன்று குறைந்தாலும் மானியப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே நின்றுவிடும். குறைந்தால் பதிவுள்ள பெரிய அமைப்பு ஒன்றின் பேரில் விண்ணப்பிக்கலாம். யார் பணத்தைக் கையாளுவது, எத்தனை சதவீதம் அவர்கள் எடுப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்ஜெட் எழுதும்போது அரிசி, பருப்பு, பெட்ரோல் எல்லாம் வரிவரியாகப் போடுவோம், மொழிபெயர்ப்புக்கும் தெருத்தொடர்பாளருக்கும் பூஜ்யம் போடுவோம். அதற்கு மணிக்கணக்கில் ஒரு தொகை போடுங்கள். உள்ளூர் ஆதரவுத் தொழிலாளிக்கு என்ன மணிக்கூலி என்று ஃபேர் வொர்க் என்கிற அரசுத் தொழிலாளர் அமைப்பின் தளத்தில் பார்த்து அதையே எழுதுங்கள். பணம் கிடைக்காவிட்டாலும், எத்தனை மணி நேரம் போனது என்கிற பதிவேட்டை முதல் நாளிலிருந்தே வையுங்கள். அடுத்த விண்ணப்பத்தில் சங்கத்தின் பங்களிப்பு என்ன என்று கேட்கும் கட்டத்தில் அந்த எண்ணைத்தான் எழுத வேண்டியிருக்கும்.