இணையத்தில் வாங்கிய பழைய இசைத்தட்டும் சுவரொட்டியும்: உங்கள் கைக்கு வந்தது என்ன?

அரக்குப்பிரியன்
மூன்று வாரம் ஏலத்தில் மல்லுக்கட்டி வாங்கிய நாடகப் பாடகர் கிட்டப்பாவின் இசைத்தட்டு, நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத் தட்டு. 1933-ல் 27 வயதில் போய்விட்ட மனிதர்; அந்தக் குரல் இந்த அரக்கில்தானே மிச்சம்? தபால்காரர் நீட்டிய பெட்டியை வாங்கிச் சற்றே சாய்த்தேன். உள்ளே அப்பளக்கட்டு நொறுங்கினாற்போல ஒரு சலசலப்பு. பிரிக்க மனம் வரவில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகுதான் பிரித்தேன். ஐந்து துண்டு. சுற்றியிருந்தது ஒரே ஒரு செய்தித்தாள்.

மடிப்புக்கோடு
எனக்கு உடையவில்லை, நானே ஏமாந்தேன். 'சந்திரலேகா' சுவரொட்டி, 1948-ஆம் ஆண்டு அசல் என்று போட்டிருந்தார்கள். இணையத்தில் போட்டிருந்த படத்தில் மடிப்புக் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. அந்தக் காலத்தில் மடித்துத்தானே அனுப்புவார்கள், நம்பிவிட்டேன். குழாயில் சுருட்டி வந்தபோதே விழித்திருக்க வேண்டும். மேசையில் விரித்து மடிப்பின் மேல் விரலை ஓட்டினேன். வழவழவென்று போனது. மடிப்பையும் சேர்த்து அச்சடித்திருக்கிறார்கள்! ஓரத்துக் கிழிசலும் அச்சுதான். "நன்றாகத்தானே இருக்கிறது, சட்டம் போட்டு மாட்டுங்கள்" என்றாள் மனைவி. மாட்டியாயிற்று. வீட்டுக்கு வருகிறவர்கள் மெச்சும்போதெல்லாம் அந்த விரல் கூசுகிறது.

ஊசிமுனை
அரக்குப்பிரியன், தவறு உங்களுடையதுதான். பணம் கட்டுமுன் எப்படிக் கட்டி அனுப்புவீர்கள் என்று கேட்டிருக்க வேண்டாமா? அரக்குத் தட்டு, பின்னால் வந்த வினைல் பிளாஸ்டிக் தட்டைப் போல வளைந்து கொடுக்காது. தட்டைவிடப் பெரிதாக வெட்டிய இரண்டு தடித்த அட்டைகளுக்கு நடுவே வைத்து இறுகக் கட்டி, அதை இன்னொரு பெரிய பெட்டியில் நாலு பக்கமும் மெத்தென்று அடைத்து வைக்கச் சொல்ல வேண்டும். அடுத்த தட்டு வந்தால் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். எல்.பி. எனும் வினைல் தட்டுக்கான முள்ளையும் வைக்காதீர்கள். 78 தட்டின் பள்ளம் ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். சின்ன முள் அடியில் புரண்டு இரைச்சலைத்தான் அள்ளிக்கொண்டு வரும். சாவி கொடுக்கும் கிராமபோன் என்றால் ஒரு பக்கத்துக்கு ஒரு எஃகு முள், கஞ்சத்தனம் கூடாது. என் அனுபவமா? அந்தக் காலப் பாடகி கோஹர் ஜானின் தட்டு ஒன்று வாங்கினேன். நல்லபடியாக வந்தது.

பாதிப்படம்
உடைந்து போனவரிடம் முள் பாடம் எதற்கு, ஊசிமுனை? அவர் எதைக் கொண்டு ஓட்டுவது? என் கதை சின்னது. பழைய படம் ஒன்றின் டிவிடி, 'முழு நீளம்' என்று அட்டையிலேயே இருந்தது. நாயகி தம்பூராவை மடியில் சாய்த்து, கண்ணை மூடி, வாய் திறக்கிறாள். அடுத்த நொடி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போகிறாள். பாட்டு எங்கே? பாட்டுக்காகத்தான் ஐயா படத்தையே வாங்கினேன்!

ஊசிமுனை
வாங்குமுன் ஓடும் நேரத்தைப் பார்த்திருக்கலாம்.

பாதிப்படம்
இதைத்தான் சொன்னேன்.

அரக்குப்பிரியன்
சண்டை வேண்டாம். பணத்தைத் தருகிறேன், துண்டுகளைத் திருப்பி அனுப்புங்கள் என்று விற்றவர் எழுதினார். அட்டையில் வைத்து, ஊசிமுனை சொன்னபடியே பத்திரமாகக் கட்டினேன். கடைசித் துண்டில் லேபிள் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. பெயரில் 'கிட்ட' வரைக்கும் இருந்தது. கட்டை அவிழ்த்துவிட்டேன். பணம் வரவில்லை.