விசாவுக்குக் கொடுத்த சீட்டுக்கு என்ன அத்தாட்சி?

அம்பை வாத்தியார்:
லெஸ்டரில் இருக்கும் மகளைப் பார்க்கப் பிரிட்டன் வருகையாளர் விசாவுக்கு விண்ணப்பித்தேன். நிராகரித்துவிட்டார்கள். மார்ச்சில் என் கணக்கில் ஒரே நாளில் விழுந்த 2,40,000 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று நான் காட்டவில்லையாம். பிசானப் பருவத்தில் விளைந்த நெல்லை விற்ற பணம் அது. வியாபாரி எழுதித் தந்த சீட்டைச் சேர்த்துத்தான் கொடுத்தேன். ஜங்ஷன் பக்கம் ஒரு கணினிக் கடையில் வைத்து எல்லாவற்றையும் ஏற்றினோம். போய்க் கேட்டால், மாதக் கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிடுவோம் என்கிறான் கடைப் பையன். கைரேகை வைக்க நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய் வந்த அலைச்சலை நினைத்தால் வயிறு எரிகிறது. சீட்டைக் கொடுத்தேன் என்று எப்படி நிரூபிப்பது? மேல்முறையீடு உண்டா?

கொக்கிரகுளம்:
அண்ணாச்சி, வருகையாளர் விசாவுக்குப் பொதுவாக மேல்முறையீட்டு உரிமை கிடையாது. நீதிமன்றத்தில் சீராய்வு கேட்கலாம். வக்கீல் கட்டணத்துக்கு வயலை விற்க வேண்டியிருக்கும். மறுபடி விண்ணப்பிப்பதே நல்லது. மின்னஞ்சலைத் துழாவுங்கள்: ஜிடபிள்யூஎஃப் என்று தொடங்கும் எண்ணோடு உங்கள் விண்ணப்பமும் ஆவணப் பட்டியலும் கிடைக்கும். ஒன்று மட்டும், அந்தப் பட்டியல் நீங்கள் கொடுப்பதாகச் சொன்னவற்றின் பட்டியல். கொடுத்ததற்கான ரசீது அல்ல.

மேலப்பாளையம் மருமகள்:
மாமியாரை இரண்டு முறை அனுப்பி வைத்த அனுபவத்தில் சொல்கிறேன், அண்ணாச்சி. உங்களைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் பதிவுகளின் நகலைக் கேட்டு வாங்க பிரிட்டன் தகவல் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. பிரிட்டன் உள்துறைக்கு இணையம் வழியாகவே எழுதலாம், கட்டணம் இல்லை, சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். அவர்கள் கைக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்பது அதில் தெரிந்துவிடும்.

நான் செய்வது இது. ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் எண் போடுவேன். முகப்புக் கடிதத்தில் "தாள் 14: நெல் விற்ற சீட்டு" என்கிற மாதிரி எழுதிவிடுவேன். ஏற்றி முடித்ததும் கோப்புப் பெயர்கள் தெரியும்படி திரையைப் படம் எடுத்து, அதே கோப்புகளோடு எனக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்வேன். கடைக்காரரை நம்பிப் பயனில்லை, அவருக்கு அடுத்த ஆள் காத்திருக்கிறார். ஆமாம், அந்தப் பையனுக்கு நீங்கள் வாட்ஸ்அப்பில் எதுவும் அனுப்பவில்லையா?

அம்பை வாத்தியார்:
தங்கச்சி, நீங்கள் கேட்ட பிறகுதான் தோன்றியது. அனுப்பியிருக்கிறேன். கடைப் பையன் ஒன்று சேர்த்துத் திருப்பி அனுப்பிய கோப்பும் அதிலேயே கிடக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். டைரியில் கிழித்த தாள். "அம்பை 16, 150 மூட்டை" என்று நெல் ரகமும் மூட்டைக் கணக்கும் இருக்கிறது, அவ்வளவுதான். தொகையும் தேதியும் வியாபாரியின் கையெழுத்தும் பின்பக்கம். அந்தப் பக்கத்தை நான் படமே எடுக்கவில்லை! வியாபாரி வீரவநல்லூரில்தான் இருக்கிறார். முழு விவரத்தோடு புதிதாக ஒரு சீட்டு எழுதித் தரச் சொல்லவா?

கொக்கிரகுளம்:
பழைய தேதி போட்டு மட்டும் வாங்கிவிடாதீர்கள், அண்ணாச்சி. பொய் ஆவணம் என்று முடிவு கட்டினால் பத்து ஆண்டுவரை விசா கிடைக்காது. பழைய சீட்டையே இரண்டு பக்கமும் படம் எடுங்கள். வியாபாரி வேண்டுமானால் இன்றைய தேதியிட்டு, நெல் வாங்கியதை உறுதிசெய்து ஒரு கடிதம் தரட்டும். இன்னொன்று, தமிழ்ச் சீட்டை அப்படியே கொடுத்தீர்களா? ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அதில் மொழிபெயர்த்தவர் தம் முழுப்பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரத்தோடு, மூலத்துக்குச் சரியான மொழிபெயர்ப்பு என்றும் எழுதித் தர வேண்டும். முதல் நிராகரிப்பை மறைக்காமல் புது விண்ணப்பத்தில் சொல்லிவிடுங்கள்.

அம்பை வாத்தியார்:
அப்படியேதான் கொடுத்தேன். முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவனுக்கு அது தோன்றவே இல்லை. பழைய சீட்டு பிஸ்கட் டப்பாவில் இருந்தது. எலி ஒரு மூலையைக் கடித்திருக்கிறது, கையெழுத்து தப்பிவிட்டது.