ஏரி வரத்துக்கால்வாயை ஊர்த் திட்டத்தில் சேர்ப்பது எப்படி?

வணக்கம். எங்கள் ஊர் ஏரி இரண்டு வருடமாக நிரம்பவில்லை. மழைதான் குறைவு என்று நினைத்தோம். போன வாரம் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாயோடு நடந்து போனால், பாதி வழியில் மஞ்சள் கல் நட்டு மனை போட்டிருக்கிறார்கள். கால்வாய்க்கு மேல் மண்சாலை. அடியில் ஒரே ஒரு குழாய், அதுவும் பிளாஸ்டிக் பை அடைத்துக் கிடக்கிறது. 'அ' பதிவேட்டில் (கிராமத்து நிலங்களின் வருவாய்த்துறைப் பதிவேடு) அது வாய்க்கால் புறம்போக்குதான், அதாவது அரசு நிலம்தான்; பார்த்துவிட்டேன்.

அக்டோபர் 2 கிராம சபையில் ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தைப் பேசுவார்கள். வெறும் தூர்வாரும் வேலையாக இல்லாமல் (தண்ணீர் வர வழியே இல்லை, தூர்வாரி என்ன செய்ய?) ஏரி, ஓடை, மேய்ச்சல் நிலம் எல்லாம் புல எண்ணோடு (சர்வே எண்) வரைபடமாகவே அதில் சேர வேண்டும். இப்படித் தீர்மானம் போட்ட ஊர்க்காரர்கள் இருந்தால் வாசகத்தைப் பகிருங்கள். அப்புறம், புலப்படத்தை (ஒவ்வொரு புல எண்ணுக்கும் உள்ள நில அளவை வரைபடம்) கூகுள் எர்த் மேல் பொருத்துவது எப்படி?