லாஸ் வேகஸ் ஹோட்டலில் மினிபார் கட்டணம்: உதவி தேவை

நானும் அம்மாவும் லாஸ் வேகஸ் ஸ்டிரிப்பில் ஒரு பெரிய கேசினோ ஹோட்டலில் 3 இரவு தங்கினோம். அம்மாவின் இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்க, அறையில் இருந்த மினிபாரில் (விலைக்குப் பானங்கள் வைத்திருக்கும் சின்ன ஃபிரிட்ஜ்) இரண்டு பாட்டிலை நகர்த்தி இடம் பண்ணினேன். அடியில் சென்சார் இருக்கும், எடுத்தாலே பில்லில் ஏறிவிடும் என்று அப்போது தெரியாது. எதையும் திறக்கவில்லை, கிளம்பும்போது அப்படியே திரும்ப வைத்தேன். ஆனாலும் அறை வாடகை போக ஹோட்டல் தனியாக வாங்கும் ரிசார்ட் கட்டணத்துக்கு மேல் 64 டாலரை டெபிட் கார்டில் பிடித்துவிட்டார்கள்.

வரவேற்பில் கேட்டதற்கு "பார்த்துச் சொல்கிறோம்" என்றார்கள். அப்புறம் இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. இன்றோடு 12 நாள். மூடி திறக்காத பாட்டில்களின் படமும் பில்லும் கையில் இருக்கின்றன. சென்னையில் என் வங்கியோ, ஹோட்டலிடம் எழுத்தில் பதில் வாங்கி வரச் சொல்கிறது.

ஹோட்டல் பதிலே தராதபோது, வங்கியில் என்னென்ன கொடுத்துப் பணத்தைத் திரும்ப வாங்கினீர்கள்?