முதல் 20 நிமிடத்தில் தாக்குதல் எடுபடவில்லை, ஏன்?

கேள்வி:
கொழும்பில் பின்னேரம் 3.30க்கு உதைபந்தாட்டம். 4-3-3 (பின்களத்தில் 4, நடுக்களத்தில் 3, முன்களத்தில் 3 பேர்) ஆடும் 18 வயதுக்குட்பட்ட அணி. முதல் 20 நிமிடத்தில் கோலை நோக்கி ஒரு அடிகூட இல்லை. இடைவேளைக்குப் பிறகு நன்றாக ஆடுகிறார்கள். ஆட்டத்துக்கு முன் மைதானத்தை இரண்டு சுற்று ஓடி, நின்றபடி தசைகளை இழுத்துவிட்டு, கால் மணி நேரம் உட்கார்ந்து பயிற்றுநரின் பேச்சைக் கேட்கிறார்கள். பிழை எங்கே, அண்ணா?

மறுமொழி 1:
அந்த உட்காருதலில்தான், தம்பி. சூடேறிய தசை ஆறிவிடும். முதல் வேக ஓட்டங்கள் மந்தமாகும். பேச்சை முதலே முடியுங்கள். காயத்தைத் தடுக்கும் சூடேற்றல் முறையான ஃபிஃபா 11+ பயிற்சியில் மூன்று பகுதி: ஓட்டம் 8 நிமிடம், பலமும் சமநிலையும் 10, வேக ஓட்டம் 2. போட்டி நாளில் நடுப்பகுதியை விட்டுவிட வேண்டும், பலர் இதைக் கவனிப்பதில்லை. பிறகு ஐந்துக்கு இரண்டு பந்து பரிமாற்றம் (ஐந்து பேர் பரிமாற, இருவர் பறிக்க முயல்வது), கோலடிப்பு, முடிவில் 20 மீற்றர் ஓட்டம் மூன்று. ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால் உந்துவிசை குறையும்.

மறுமொழி 2:
உடம்பு பாதிக் காரணம்தான். தொடக்கத்தில் எதிரணி புதுத் தெம்போடு நெருக்கும். உங்கள் பின்களம் பதறி நீளமாக அடிக்கும், முன்கள வீரர் தனியே நிற்பார், மோதலில் சிதறி விழும் பந்து எதிரணிக்கே. நடுக்கள வீரர் ஒருவர் அந்த முன்கள வீரருக்குப் பத்து மீற்றருக்குள் நிற்கட்டும். பிற்பாதி முன்னேற்றத்தை நம்பிவிடாதீர்கள். கொழும்புப் புழுக்கத்தில் எதிரணி களைத்ததாகவும் இருக்கலாம்.

மறுமொழி 3:
தண்ணீரையும் பாருங்கள். ஆட்டத்துக்கு நான்கு மணி நேரம் முன்பே கிலோவுக்கு 5 முதல் 7 மில்லிலீற்றர்: 60 கிலோ வீரருக்கு 300 முதல் 420.