முன்பற்களில் பழுப்புக் கறை: கேப் போடுவதா, வெனீரா, வேறு வழி உண்டா?

தகடூர்ப்பெண்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 27. பென்னாகரம் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்து, பதினைந்து வயது வரை தெருமுனை அடிபம்புத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள். தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் புளூரைடு மிகுதி; எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. மேல்வரிசை முன்பற்கள் நான்கிலும் தேநீர் சிந்திக் காய்ந்தது போன்ற பழுப்புத் திட்டுகளும், அவற்றின் குறுக்கே சுண்ணாம்பு தீற்றியது போன்ற வெள்ளைக் கோடுகளும் இருக்கின்றன. போதாக்குறைக்கு, சிறுவயதில் திண்ணையிலிருந்து விழுந்ததில் நடுப்பல் ஒன்றின் கீழ்முனை சிறிது உடைந்துவிட்டது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரி நீர் வந்த 2013-ஆம் ஆண்டில் பிறந்த என் சித்தி மகனுக்கு, அதே தெருவில் வளர்ந்தும், பற்கள் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன.

நான் பள்ளி ஆசிரியை. சிரிப்பு வந்தால் என் கை தானாகவே வாயை மூடிக்கொள்ளும் என்பது, சென்ற ஆண்டு விழாவில் ஒரு மாணவி என்னைப் போல நடித்துக் காட்டியபோதுதான் எனக்கே தெரிந்தது. தை மாதம் திருமணம். இன்னும் ஐந்து மாதங்கள் இருக்கின்றன. மூன்று மருத்துவர்களைப் பார்த்தேன். முதலாமவர் மேல்வரிசையில் ஆறு முன்பற்களைச் சீவி, சிர்கோனியா என்ற வெண்ணிறப் பீங்கான் வகையில் கேப் (முழு உறை) போட்டு இரண்டே அமர்வில் முடித்துவிடலாம் என்றார். இரண்டாமவர் பல்லின் முன்புறம் மட்டும் வெனீர் என்ற மெல்லிய பீங்கான் இதழை ஒட்டலாம் என்றார். மூன்றாமவர் முதலில் ப்ளீச்சிங் (மருந்தால் பல்லை வெளுக்க வைப்பது) செய்து பார்ப்போம், அதன் பிறகு பேசலாம் என்றார். செலவோ மூன்றுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. எனக்குச் சொத்தை இல்லை, வலியும் இல்லை. விவரம் அறிந்தவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

சேலம் பல்மருத்துவன்:

வணக்கம் சகோதரி. பற்களைக் காத்துச் சீரமைக்கும் பிரிவில் முதுநிலை படித்துவிட்டுச் சேலத்தில் மருத்துவம் பார்த்து வருகிறேன். உங்கள் மாவட்டத்திலிருந்து இதே கறையோடு வருபவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். நேரில் பார்க்காமல் முடிவான ஆலோசனை சொல்வது முறையாகாது என்பதால், நீங்கள் எடுத்துச்சொன்னதை வைத்து யோசிக்க வேண்டிய முறையை மட்டும் எழுதுகிறேன்.

உங்களுக்கு இருப்பது புளூரைடு மிகுதியால் வந்த பற்கறையாகத்தான் தெரிகிறது. குடிநீரில் புளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டுத் தர அளவு. ஈறுக்குள் நிலைப்பற்கள் உருவாகிக்கொண்டிருக்கும் குழந்தைப் பருவத்தில் அதைவிட மிகுதியாக உட்சென்றால் பல்லின் வெளிப்படலமான எனாமல் சரிவர முற்றாமல் நுண்துளைகளோடு அமைந்துவிடும். அந்தத் துளைகள்தாம் வெள்ளைக் கோடாகத் தெரிகின்றன. பல் முளைத்த பிறகு அவற்றில் நிறம் ஏறும்போது பழுப்பாகின்றன. ஆகவே இது எனாமலுக்குள்ளேயே இருக்கும் கறை. உமிக்கரி, செங்கல் தூள், எலுமிச்சை, இப்போது இணையத்தில் விற்கும் கரித்தூள் ஆகிய எவற்றாலும் இது போகாது, எனாமல்தான் தேயும்.

எந்தச் சிகிச்சை என்பதைத் தீர்மானிப்பது கறை எவ்வளவு கருமையானது என்பதைவிட, அது எவ்வளவு ஆழமானது என்பதே. பல்லின் பின்புறமிருந்து சிறு விளக்கொளியைப் பாய்ச்சிப் பார்த்தால் ஆழத்தை ஓரளவு கணிக்கலாம். உங்களைப் பார்த்த மூவரில் யாராவது இப்படிப் பார்த்தார்களா?

மேலோட்டமான பழுப்புக் கறை என்றால், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நுண்ணிய தேய்ப்புத் தூளும் கலந்த பசையைக் கொண்டு எனாமலின் மேற்பரப்பை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மட்டும் தேய்த்து எடுக்கும் முறை இருக்கிறது. மைக்ரோஅப்ரேஷன் என்பார்கள். ஈறில் அமிலம் படாமலிருக்க ரப்பர் திரை கட்டிக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது. ஊசி போட வேண்டியதில்லை. அதைத் தொடர்ந்து, வாய்க்கு அளவெடுத்துச் செய்த மெல்லிய தட்டில் 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு பசையை வைத்து, இரவில் அணிந்து தூங்கும் வீட்டு ப்ளீச்சிங்கைச் சில வாரங்கள் செய்யலாம். பழுப்பு இதற்கு நன்றாக மசியும். வெள்ளைக் கோடுகள் அவ்வளவு எளிதில் மசியா. முதல் சில நாட்களில் முன்னைவிட எடுப்பாகத் தெரிந்து உங்களைப் பயமுறுத்தவும் கூடும். அவற்றுக்கு, எனாமலின் துளைகளுக்குள் நீர்மப் பிசினைப் பாய்ச்சி நிரப்பும் முறை ஒன்று 2009 முதல் புழக்கத்தில் இருக்கிறது. இடையில் பல் கூச்சம் வந்தால் ஓரிரு நாட்கள் விட்டுத் தொடரலாம்.

உடைந்த முனைக்குக் காம்போசிட் என்ற பல் நிறப் பிசின் அடைப்பு போதும். ஆனால் வரிசை மாறக் கூடாது. ப்ளீச்சிங் முடிந்து இரண்டு வாரமாவது கழித்தே காம்போசிட் வைக்க வேண்டும். வெளுத்த கையோடு வைத்தால் சரியாக ஒட்டாது, நிறமும் பொருந்தாது. இன்னொன்று, வாயைத் திறந்தபடி சில நிமிடங்கள் இருந்தாலே பல் உலர்ந்து உண்மையைவிட வெளுப்பாகத் தோன்றும். எனவே பல் ஈரமாக இருக்கும்போதே, வேலையைத் தொடங்கும் முன், நிறம் பார்த்துவிட வேண்டும்.

வெனீர் தவறான சிகிச்சை அன்று. அரை மில்லிமீட்டர் அளவில் எனாமலைச் சீவி, அதன்மேல் பீங்கான் இதழை ஒட்டுவது அது. நன்றாகச் செய்தால் பத்தாண்டுகளுக்கு மேலும் நிற்கும். ஆனால் புளூரைடு மிகுந்த எனாமல் அமிலத்துக்கு எளிதில் இடம் கொடுக்காததால், ஒட்டும் முன் அமிலத்தால் அதைப் பதப்படுத்துவதற்குக் கூடுதல் நேரமும் பழகிய கையும் வேண்டும். கறையும் கருமையாக இருந்தால் மெல்லிய இதழின் ஊடே நிழலாடும். மற்ற வழிகளில் மனநிறைவு கிடைக்காவிட்டால் அப்போது வெனீருக்குப் போகலாம், ஒன்றும் கெட்டுவிடாது.

சொத்தையில்லாத ஆறு பற்களுக்குக் கேப் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. முழுக் கேப்புக்காக முன்பல்லைச் சீவும்போது வெளியே தெரியும் பகுதியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. பெரிதாக உடைந்த பல்லுக்கும் வேர் சிகிச்சை செய்த பல்லுக்கும் உரிய சிகிச்சையைக் கறைக்குச் செய்வானேன்?

ஓசூர்க்காரன்:

மருத்துவர் கடைசியாகச் சொன்னதற்கு நானே சாட்சி. 24 வயதில், வேலை கிடைத்த புதிதில், இதே பழுப்புக் கறைக்காக நான்கு முன்பற்களுக்கு உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய கேப் போட்டுக்கொண்டேன். எங்கே, யாரிடம் என்பது வேண்டாம். சீவி முடித்த பிறகு கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன்; நான்கு பற்களும் கொழுக்கட்டைக்குள் செருகிய தீக்குச்சிகளைப் போல நின்றன. அந்தக் காட்சி இன்னும் மறக்கவில்லை. முதல் மூன்று ஆண்டுகள் மிக அழகாகத்தான் இருந்தன, அதை மறைப்பது நியாயமில்லை. பிறகு ஈறு சற்றே மேலேற, கேப்பின் விளிம்பில் சாம்பல் நிறக் கோடு தெரியத் தொடங்கியது. ஐந்தாம் ஆண்டில் ஒரு பல்லில் இரவெல்லாம் வலி. வேர் சிகிச்சை செய்ய நேர்ந்தது. இப்போது நான்கையும் கழற்றிவிட்டுச் சிர்கோனியாவுக்கு மாறியிருக்கிறேன். கோடு போய்விட்டது, சீவிய பல் திரும்பவில்லை. எனக்கு 33 வயது ஆகிறது. இனி இன்னும் எத்தனை முறை மாற்ற வேண்டியிருக்குமோ தெரியாது. கேப் போடச் சொன்னவரிடம், ஒரு பல்லில் எவ்வளவு சீவுவீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள் தங்கையே. நான் அன்று கேட்கவில்லை.

காரைக்குடி ஆச்சி மகள்:

எனக்குக் கறை இல்லை, நடுவில் இடைவெளி இருந்தது. கிளிப் போடப் பொறுமையில்லாமல் இரண்டு பற்களிலும் காம்போசிட் வைத்து அடைத்துக்கொண்டேன். ஒரே பிற்பகலில் முடிந்தது. ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அதில் நிறம் ஏறத்தான் செய்கிறது, அதிலும் நாளுக்கு நான்கு காபி குடிக்கும் எனக்கு ஆண்டுக்கு ஒருமுறை மெருகேற்றாவிட்டால் ஓரம் மங்கிவிடுகிறது. இரண்டு பொங்கலுக்கு முன் கரும்பை முன்பல்லால் உரித்ததில் ஒரு மூலை பெயர்ந்துவிட்டது. அரை மணி நேரத்தில் அந்த மூலையை மட்டும் சரிசெய்து அனுப்பிவிட்டார்கள். ஆகவே மூன்று மாதம் காத்திருந்து சின்ன வேலையாகச் செய்துகொள்ளுங்கள் என்பதே என் கருத்து. திருமணத்துக்கு முதல் வாரம் வரை எதையும் இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

தகடூர்ப்பெண்:

மூவருக்கும் நன்றி. கேப் போடச் சொன்ன இடத்தில் அண்ணன் சொன்ன கேள்வியைக் கேட்டேன். "அதையெல்லாம் நீங்கள் ஏன் யோசிக்கிறீர்கள்" என்றார்கள். அதோடு அங்கே போவதை நிறுத்திவிட்டேன். மருத்துவர் ஐயாவிடம் ஒரு ஐயம்: ப்ளீச்சிங் செய்த நிறம் எத்தனை நாள் நிற்கும்? திருமணத்துக்குப் பிறகு குழந்தை உண்டாகும் காலத்தில் செய்யலாமா?

சேலம் பல்மருத்துவன்:

கருவுற்றிருக்கும்போதும் பாலூட்டும்போதும் ப்ளீச்சிங் வேண்டாம் என்றே சொல்வோம். எனவே இப்போதே முடித்துக்கொள்வது நல்லது. நிறம் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகள் நிற்கும், மங்கினால் அதே தட்டை வைத்துச் சில இரவுகள் செய்தால் மீண்டுவிடும். தட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், வெந்நீரில் கழுவி வளைத்தும் விடாதீர்கள். மைக்ரோஅப்ரேஷன் பழகாத இடத்தில் செய்துகொள்ள வேண்டாம். தருமபுரியில் கிடைக்காவிட்டால் சேலம் வட்டாரத்துப் பல் மருத்துவக் கல்லூரிகளில் விசாரியுங்கள். சென்னைக்குப் போக வாய்ப்பிருந்தால் அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் குறைந்த செலவில் பார்த்துக்கொள்ளலாம்.

தகடூர்ப்பெண் (ஒன்பது வாரங்களுக்குப் பிறகு):

சேலத்தில் ஒரு கல்லூரி மருத்துவமனையில் இரண்டு அமர்வுகளாகத் தேய்த்தார்கள். பிறகு ஐந்து வாரம் வீட்டில் தட்டு அணிந்தேன். மூன்றாம் வாரம் கூச்சத்தால் குளிர்ந்த நீர் குடிக்க முடியாமல் நான்கு நாள் நிறுத்தினேன். பழுப்பு ஏறக்குறைய போய்விட்டது. வெள்ளைக் கோடுகள் முகத்தருகே வந்து பார்த்தால் தெரியும். அதற்கு மேல் அவற்றைத் தொடவேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். நேற்று உடைந்த முனைக்குக் காம்போசிட் வைத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததுமே, பல் உலர்வதற்கு முன் நிறம் பார்த்துவிடுங்கள் என்றேன். நிற அட்டையை எடுத்துக்கொண்டிருந்த அந்த இளம் மருத்துவர் ஒரு கணம் நின்று, "நீங்களும் பல் மருத்துவரா?" என்று கேட்டார்.