அப்பாவோட ரிப்போர்ட் என் போனுக்கு வந்ததுல சண்டைங்க

எங்களுக்கு கொழிஞ்சாம்பாறை பக்கமுங்க. அப்பாவுக்கு 74 வயசு, சுகர் இருக்கு, பட்டன் போன்தான் வெச்சிருக்காரு, அதனால லேப்ல என் நம்பர் குடுத்தேன், ரிப்போர்ட் எனக்கே வாட்ஸ்அப்ல வந்துருச்சு. ஹெச்பிஏ1சி, அதாங்க மூணு மாசத்து சராசரி சுகர், 9.2ன்னு ஏறிக் கெடக்குது. பதட்டத்துல கோயமுத்தூர்ல இருக்கற அண்ணனுக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டேன், அவன் அப்பவே போன் போட்டு அப்பாவ ஒரு பிடி பிடிச்சுட்டான். அன்னைலேர்ந்து மனுசன் எங்கிட்ட வாயே தொறக்கறதில்ல. தனியா பஸ் ஏறி பொள்ளாச்சி போயி காட்டிட்டு வர்றாரு. மாத்திர அட்டைய வெத்தலப் பொட்டில சுண்ணாம்பு டப்பாவுக்கு அடியில வெச்சிருக்கறத கூட்டும்போது பாத்து போட்டோ எடுத்துட்டேன், அப்பறம் எனக்கே அசிங்கமா போச்சு. என்ன மாத்திரைன்னு இப்ப தெரியும், தெரியும்னு சொல்ல முடியல. என்னதாங்க பண்றது?

சித்தூர்க்காரன்:
ஹால்ல ஒரு கேமரா மாட்டிடுங்க, போன்லயே பாத்துக்கலாம்.

பழைய நர்ஸ்:
கேமராவா? பெத்தவர என்ன திருடன்னா நெனச்சீங்க. இதபாருங்க, போட்டோ எடுத்ததயும் சேத்து அவருகிட்ட சொல்லிடுங்க. அண்ணனுக்கு எது போகலாம் எது போகக்கூடாதுன்னு அவரையே கேளுங்க. ஆனா மாத்திர பேரு மட்டும் வீட்ல தெரிஞ்சே ஆகணும், கிளிமிபிரைடு மாதிரி சுகரக் கொறைக்கற மாத்திர ஒண்ணப் போட்டுட்டு சோறு தள்ளிப் போச்சுன்னா சுகர் 70க்குக் கீழ எறங்கி வேர்த்து கை நடுங்கும், அப்ப சக்கரத் தண்ணி குடுக்கணும், நெனவில்லாட்டி வாயில ஒண்ணும் ஊத்தக்கூடாது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும். இதுக்கு ரிப்போர்ட்டே வேண்டாம், சட்டப் பையில ஒரு சீட்டு போதும்.

மீனாட்சிபுரத்துத் தாத்தா:
எனக்கு 71 அம்மிணி, நானும் மறைக்கறவன்தான். சுகர் ஏறுச்சுன்னு தெரிஞ்சா மறுநாளே சோத்த அளந்து வெப்பாங்க, டீக்கடையில ஒரு வடை தின்னா வீட்டுக்குப் போன் போயிரும். என் மருமக லேப்ல என் நம்பரையே எழுதச் சொல்லி, பேப்பர் ரிப்போர்ட்ட ஒட்டின கவரோட என் கையில குடுத்துருச்சு. நாலு நாள் தலகாணிக்கு அடியில வெச்சிருந்தேன். அப்பறம் நானே படிச்சு சொல்லு சாமின்னு நீட்டிட்டேன், இங்கிலீசு எனக்கெங்க புரியுது.

கேட்டவங்க:
நேத்து போட்டோ விசயத்த சொல்லிட்டேனுங்க. ஒண்ணும் பேசல. இன்னைக்குப் பாத்தா வெத்தலப் பொட்டில வெத்தல மட்டும்தான் இருக்குது. சாயங்காலம் காலண்டர் தாளக் கிழிச்சு நீட்டி மாத்திர பேர எழுதிக்கன்னாரு, எழுதிக்கிட்டேன். எத்தன எம்ஜின்னு கேட்டா அது உங்கண்ணன் கேக்கச் சொன்னானாங்கறாரு.